“நான் யார்?” என்று கேட்பது எப்படி: ஆத்ம விசாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“நான் யார்?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் சில நாட்களிலேயே சலித்துப் போகிறார்கள். பதில் வருவதில்லை. வந்தாலும் அது முன்பே எங்கோ படித்த பதிலாக இருக்கிறது: நான் உடல் அல்ல, நான் ஆத்மா, நான் பிரம்மம். அதைச் சொல்லிப் பார்க்கும்போது மனம் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்காருகிறது. எழுந்துபோய்க் கைபேசியைத் திறந்ததும் யாரோ எழுதிய ஒற்றை வரியில் அத்தனையும் கலைந்துவிடுகிறது. “இதெல்லாம் ஞானிகளுக்குத்தான், நமக்கு ஒத்துவராது” என்று அத்தோடு ஒதுக்கிவைத்து விடுகிறார்கள்.

குறை அவர்களிடம் இல்லை. கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. வெளியே ஓடிக்கொண்டிருக்கும் கவனத்தை அது கிளம்பிய இடத்துக்கே திருப்புவதற்காகத்தான் இந்தக் கேள்வி. கவனம் திரும்பியதும் கேள்வியின் வேலை முடிந்துவிடுகிறது. பதில் எதுவும் தேவைப்படுவதில்லை. இந்த ஒன்று பிடிபட்டால் மீதியெல்லாம் பழக்கம்தான். புதிதாகத் தொடங்குபவர் “யார்?” என்ற கேள்வியோடு மல்லுக்கட்டுவதைவிட, “யாருக்கு?” என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி. ஏன் என்பதை மூன்றாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த முறை வந்த வழி

தன்னை அறிவதைப் பற்றி உபநிடதங்கள் பேசுகின்றன, சங்கரர் மரபு பேசுகிறது. தமிழில் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் அதைக் குரு சீடன் உரையாடலாகவே சொல்கிறது. ஆனால் துறவு, சடங்கு, சாத்திரப் படிப்பு எதையும் நிபந்தனையாக வைக்காமல், யாரும் செய்து பார்க்கக்கூடிய பயிற்சியாக அது பரவியது ரமண மகரிஷியால்தான்.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமனுக்கு (ரமணரின் இயற்பெயர் அது), 1896 ஜூலையில், மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனியாக இருந்தபோது திடீரென மரண பயம் வந்தது. வயது 16. உடலில் எந்த நோயும் இல்லை. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போலக் கைகால்களை விறைத்துப் படுத்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டு, இந்த உடல் செத்தால் நானும் செத்தேனா என்று நேராகப் பார்த்தார். உடல் கட்டையாகக் கிடந்தபோதும் “நான்” என்ற உணர்வு குன்றாமல் இருப்பது அவருக்குத் தெரிந்தது. அடுத்த சில வாரங்களில் வீட்டைவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தவர், 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விடும்வரை அங்கேயே இருந்தார்.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் பரவசத்தோடு சொல்வார்கள். நமக்கு அதில் உதவுவது வேறொன்று. அந்தப் பையன் தத்துவம் எதையும் யோசிக்கவில்லை. பயம் வந்ததும் பயத்தை விட்டுவிட்டுப் பயப்படுபவனைப் பார்த்தான். முறை முழுவதும் அவ்வளவுதான்.

1902 வாக்கில், வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, ரமணர் அப்போது இருந்த திருவண்ணாமலை விரூபாக்ஷ குகைக்கு வந்து கேள்விகள் கேட்டார். அப்போது ரமணர் பேசுவதில்லை. பதில்களை எழுதிக் காட்டினார். அவை 1923இல் “நான் யார்?” என்ற சிறு நூலாக வெளிவந்தன. பின்னர் அவற்றைக் கட்டுரை வடிவில் திருத்தி எழுதியவர் ரமணரே. ஒரே அமர்வில் படித்து முடித்துவிடக்கூடிய நூல் அது. பெரிய நூல்களைத் தேடிப் போகும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இதில் அமைதி எங்கிருந்து வருகிறது?

படிகளுக்குப் போகும் முன் இது தெளிவாக வேண்டும். இல்லாவிட்டால் அமைதியை எப்படியாவது உண்டாக்கிவிட வேண்டும் என்று முயன்று களைத்துப் போவோம்.

ஆழ்ந்த தூக்கத்தில் கடன் இல்லை, பகை இல்லை, உடல் வலிகூட இல்லை. அத்தனையும் வெளியே அப்படியே இருக்கின்றன. அவற்றை “என்னுடையவை” என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவே. விழித்ததும் முதலில் “நான்” தலைகாட்டுகிறது. அதன் பின்னால் பெயர், வயது, இன்றைக்குச் செய்ய வேண்டியவை, நேற்று பட்ட காயம் என்று வரிசையாக வந்து சேர்கின்றன. எழும் நினைவுகளுக்கெல்லாம், அதாவது எண்ணங்களுக்கெல்லாம், “நான்” என்ற நினைவே முதல் நினைவு, மற்றவை அதைப் பற்றிக்கொண்டே எழுகின்றன என்று ரமணர் சொன்னது இதைத்தான்.

ஆசை நிறைவேறும்போது வரும் மகிழ்ச்சிக்கும் அவர் இதே காரணத்தைத்தான் சொன்னார். விரும்பிய பொருள் கையில் கிடைத்த நொடியில் மனம் ஓட்டத்தை நிறுத்துகிறது. வந்த இடத்துக்குத் திரும்பிச் சற்று இளைப்பாறுகிறது. அந்த இளைப்பாறுதலின் இன்பத்தைப் பொருள் தந்ததாக நாம் கணக்கு எழுதிவிடுகிறோம். அடுத்த ஆசை கிளம்பியதும் மனம் மறுபடி வெளியே போகிறது. பொருள் அங்கேயே இருக்க, இன்பம் மட்டும் காணாமல் போவது அதனால்தான். பொருளின் துணையில்லாமல் மனம் தானாகவே அந்த இடத்துக்குத் திரும்பக் கற்றுக்கொள்வதே விசாரம். ஆகவே அமைதி புதிதாகச் சேர்வதில்லை. மறைத்துக்கொண்டிருந்தது விலகுகிறது.

தொடங்கும் முன்

குரு தீட்சை வேண்டுமா, குறிப்பிட்ட திசையில் உட்கார வேண்டுமா, வேலையையும் குடும்பத்தையும் விட வேண்டுமா என்றால், எதுவும் வேண்டாம். இல்லறத்தாரிடம் வீட்டை விட்டு வரச் சொல்லும் வழக்கம் ரமணருக்கு இல்லை. ஆசிரமத்தில் அவரே விடியலுக்கு முன் எழுந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தவர். நியமங்களில் சிறந்தது என்று அவர் சொன்னது மிதமான சாத்விக உணவை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். சுற்றியிருப்பவை பொய்போலத் தோன்றுவது, தன் உடலே தனக்கு அந்நியமாகத் தெரிவது, கடும் மனச்சோர்வு, அண்மையில் ஏற்பட்ட பேரதிர்ச்சி ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். “நான்” என்ற பிடியே ஏற்கெனவே தடுமாறுகிறவர் தனியாக அமர்ந்து அதைத் தோண்டுவது ஆபத்து. நலமான பிறகு இதற்கு வரலாம், இது எங்கும் போய்விடாது.

முதல் படி: மனம் சற்றே அடங்கட்டும்

வசதியாக உட்காருங்கள். நாற்காலியும் சரி, தரையும் சரி. முதுகு நிமிர்ந்திருந்தால் தூக்கம் வராது, அது ஒன்றுதான் காரணம். மூச்சை அடக்க வேண்டாம். அது போய்வருவதைக் கவனித்தால் போதும். சில நிமிடங்களில் நினைவுகளின் வேகம் குறையும்.

இங்கேயே கூடாரம் அடித்துவிடாதீர்கள். மூச்சு கட்டுப்பட்டிருக்கும்வரை மனமும் கட்டுப்பட்டிருக்கும். மூச்சு வெளிப்பட்டால் மனமும் வெளிப்பட்டு அலையும். மூச்சுப் பயிற்சியைத் துணை என்று ரமணர் ஏற்றார், முடிவு என்று ஏற்கவில்லை. மனம் ஓரளவு நின்றதும் அடுத்த படிக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாம் படி: பார்ப்பதையும் பார்க்கப்படுவதையும் பிரித்தல்

ரமணர் தமிழ் உரைநடையில் மொழிபெயர்த்துத் தந்த அத்வைத நூல்களில் ஒன்று த்ருக் த்ருச்ய விவேகம். உருவத்தைக் கண் பார்க்கிறது. அந்தக் கண்ணை மனம் அறிகிறது. அந்த மனத்தையும் அறிகின்ற ஒன்று இருக்கிறது என்று அது தொடங்குகிறது. இதைப் படித்துத் தலையாட்டுவதோடு நிற்காமல் செய்து பார்க்க வேண்டும்.

எங்கோ ஒரு ஓசை கேட்கிறது. ஓசை அறியப்படுகிறது, அறிவது நீங்கள். முழங்கால் வலிக்கிறது. வலி அறியப்படுகிறது. “இன்னும் எவ்வளவு நேரம்?” என்ற நினைவு வருகிறது. அதுவும் அறியப்படுகிறது. எரிச்சல் எழுகிறது. எரிச்சல் எழுந்திருக்கிறது என்று தெரிகிறது அல்லவா? அதுவும் பார்க்கப்படும் பக்கத்தில்தான் சேர்கிறது. வெளியிலிருந்து உள்ளே, பருமையானதிலிருந்து நுண்மையானதுக்கு, ஒவ்வொன்றாக இப்படி நகர்ந்து வாருங்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “நான் உடல் அல்ல, நான் மனம் அல்ல” என்று பட்டியல் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒப்பிப்பதும் மனத்தின் வேலைதானே. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, தள்ளுகிறவன் மட்டும் முன்னைவிடக் கம்பீரமாக நிற்பான். “நேதி நேதி” (இது அல்ல, இது அல்ல) என்று தள்ளுவதன் பயன், கவனம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. திரும்பும் வேலை இனிமேல்தான்.

மூன்றாம் படி: “யாருக்கு?”

ஒரு நினைவு வருகிறது. “அந்த வேலையை இன்னும் முடிக்கவில்லையே” என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன செய்வோம்? அதன் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். யார் கேட்பார்கள், என்ன சாக்குச் சொல்வது, போன தடவையும் இப்படித்தான் ஆயிற்று என்று பத்து நிமிடம் போயிருக்கும்.

இப்போது அதைத் தொடராதீர்கள், விரட்டவும் வேண்டாம். “இந்த நினைவு யாருக்கு வந்தது?” என்று கேளுங்கள். பதில் தேட வேண்டியதே இல்லை; “எனக்கு” என்று உடனே தெரிகிறது. “யார்?” என்று நேரடியாகக் கேட்டால் மனம் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடும். “யாருக்கு?” என்று கேட்டால் விளக்கத்துக்கு இடமே இல்லை. நினைவின் மேல் இருந்த கவனம், அந்த நினைவு யாருக்கோ அவரிடம் திரும்பிவிடுகிறது. தொடங்குகிறவருக்கு இந்தக் கேள்வியே ஏற்றது என்று நான் சொல்வது இதனால்தான்.

“எனக்கு” என்று தெரிந்த அந்தக் கணத்தில் இன்னும் ஒரு அடி. அந்த “எனக்கு” என்பதில் இருக்கும் “நான்” எது? இங்கே சொற்களை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கண் இமைக்கும் நேரம் ஒரு நிறுத்தம் இருக்கும். வந்த நினைவு தொடராமல் நின்றிருக்கும், அடுத்தது இன்னும் கிளம்பியிருக்காது, ஆனாலும் நீங்கள் இருக்கிறீர்கள். உடனே அடுத்த நினைவு வந்துவிடும். வரட்டும். அது யாருக்கு?

எத்தனை நினைவுகள் வந்தாலும் இதுவே பதிலடி. ஆயிரம் வந்தால் ஆயிரம் முறை திரும்பும் வாய்ப்பு. “எனக்கு நினைவுகள் அதிகம், அதனால் தியானம் வராது” என்று புலம்புகிறவர்களுக்கு இந்த முறையில் மூலதனம் அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவை சில உண்டு. முதலாவது, கேள்வியை மந்திரமாக உருப்போடுவது. “நான் யார், நான் யார்” என்று நூற்றெட்டு முறை சொல்வது ஜபம். ஜபம் நல்லதுதான், ஆனால் இது விசாரம் இல்லை. ஒருமுறை கேட்டதும் பார்க்க வேண்டும். கவனம் திரும்பியிருக்கும்வரை கேள்வி தேவையில்லை, நழுவினால் மட்டும் மறுபடி கேட்க வேண்டும். நாளடைவில் சொல்லே இல்லாமல் கவனம் திரும்பத் தொடங்கும். அதை வரவேற்றுக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

அடுத்து, நினைவுகளை அடக்குவது. அடக்கப் பார்த்தால் அடக்குகிற நினைவு ஒன்று கூடுதலாகச் சேரும். கடைசியாக, நினைவை ஆராய்வது. “இந்தக் கோபம் ஏன் வந்தது? சிறுவயதில் அப்பா திட்டியதாலா?” என்பது மதிப்புள்ள ஆராய்ச்சி, உளவியல் ஆலோசகரோடு உட்கார்ந்து செய்ய வேண்டியது. விசாரத்தில் கோபத்தின் வரலாறு நமக்கு வேண்டாம், கோபப்படுகிறவர் எங்கே என்பதே வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

இந்த விசாரம் செய்யும் நினைவும் ஒரு நினைவுதானே, அது மட்டும் எப்படித் தப்பும் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. அதுவும் தப்பாது என்பதே பதில். பிணம் சுடப் பயன்படும் தடி கடைசியில் தானும் அந்தத் தீயில் எரிந்துபோவதுபோல, பிற நினைவுகளை அழித்த பிறகு “நான் யார்” என்ற நினைவும் அழியும் என்றார் ரமணர்.

நான்காம் படி: “நான்” என்ற உணர்வில் தங்குதல்

கண நேர நிறுத்தங்கள் பழகிய பிறகு அவற்றில் சற்றுக் கூடுதலாக இருந்து பார்க்கலாம். இங்கே வரும் குழப்பம், “நான் என்ற உணர்வு என்றால் எது? எனக்கு எதுவும் தெரியவில்லையே” என்பது.

இப்போது நீங்கள் இருக்கிறீர்களா? ஆம் என்று சொல்லக் கண்ணாடி பார்க்கவில்லை, நினைவைப் புரட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. அப்படியே தெரிந்தது. அந்தத் தெரிவுதான். இவ்வளவு எளியதா என்று மனம் நம்ப மறுத்து வேறு எதையாவது தேடும். தேடும்போது சில பொருட்கள் “நான்” வேடத்தில் வந்து நிற்கும்: உங்கள் முகத்தின் ஒரு படம், நெற்றிக்குப் பின்னால் ஓர் அழுத்தம், தலைக்குள் பேசிக்கொண்டிருக்கும் குரல், மார்பில் ஒரு துடிப்பு. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: இது எனக்குத் தெரிகிறதே, தெரிகின்ற ஒன்று எப்படி நானாகும்? அடுத்த கணமே கவனம் அதைவிட்டுப் பின்வாங்கும்.

இதயம் மார்பின் வலப்பக்கம் இருக்கிறது என்று ரமணர் சொன்னதைக் கேள்விப்பட்டுச் சிலர் அந்த இடத்தையே உற்றுக் கவனிக்கிறார்கள். உடலில் ஓர் இடத்தைக் குறிவைப்பது மறுபடி ஒரு பொருளைப் பார்ப்பதாகிவிடும். “நான்” எங்கிருந்து எழுகிறது என்று பார்ப்பதே முக்கியம், இடம் தேடி அலைய வேண்டாம்.

முயற்சி சரியாக இருக்கிறதா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நெற்றி சுருங்குகிறதா, தாடை இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் எதையோ பிடிக்கப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இருப்பதைத் தெரிந்துகொள்ளத் தசைகள் எதற்கு?

ஐந்தாம் படி: வெறுமையை நம்பாதீர்கள்

கொஞ்சம் பழகியவர்களுக்கு மட்டும் வரும் இடர் இது. நினைவுகள் நின்றுவிடும், இனிமையான ஒரு வெற்றிடம் சூழும், நேரம் போனதே தெரியாது. எழுந்ததும் “இன்று சமாதி கைகூடிவிட்டது” என்று தோன்றும். வீட்டில் யாராவது ஒரு சொல் சொன்னால் பழைய கோபம் பழைய வேகத்திலேயே வரும்.

ரமணர் 1927இல் முப்பது பாடல்களில் எழுதிய உபதேச உந்தியாரில் இதற்கு விடை இருக்கிறது. மனம் ஒடுங்குவதில் இலயம், நாசம் என்று இரு வகை உண்டு. இலயித்துக் கிடப்பது மறுபடி எழும், நாசமானது எழாது என்கிறார். தூக்கம், மயக்கம், மூச்சை அடக்கி வரும் அசைவின்மை எல்லாம் இலயம். ஓய்வு கிடைக்கும். அதில் அறிவு எதுவும் பிறக்காது.

ஆகவே வெறுமை வந்தால் அதைச் சுவைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். “இந்த வெறுமை யாருக்குத் தெரிகிறது?” என்று கேளுங்கள். வெறுமையும் பார்க்கப்படும் பக்கத்தில்தான். ஒளி, ஓசை, உடல் மிதப்பது, தெய்வக் காட்சி என்று எது வந்தாலும் இதே கேள்விதான். தூக்கமாகவே இருந்தால் கண்ணைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், எழுந்து நடங்கள். உடல் களைத்திருந்தால் பேசாமல் படுத்துத் தூங்கிவிடுவதே மரியாதை.

ஆறாம் படி: கண்ணைத் திறந்த பிறகு

உட்கார்ந்து செய்வது ஒத்திகை. மேடை வெளியேதான் இருக்கிறது.

உங்கள் உழைப்பில் உருவான ஒன்றைப் பத்துப் பேர் முன்னிலையில் இன்னொருவர் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்கிறார். முகம் சூடாகிறது, தொண்டை அடைக்கிறது, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று வசனம் ஓடத் தொடங்குகிறது. இந்த நேரத்தில் கண்ணை மூடி விசாரம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். சூடு தெரிகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு, “யாருக்கு அடிபட்டது?” என்று ஒரு கணம். “எனக்கு.” எந்த எனக்கு? உற்றுப் பார்த்தால் அங்கே அடிபட்டுக் கிடப்பது ஒரு படம் என்று தெரியும்: “திறமைசாலி”, “மதிக்கப்பட வேண்டியவர்”, “யாரும் ஏமாற்ற முடியாதவர்”. வருடக்கணக்கில் சேர்த்துக் கட்டிய படம். அந்தப் படமும் இப்போது உங்களுக்குத் தெரிகிறது. எனவே அதைக் காண்கிற நீங்கள் அந்தப் படம் அல்ல.

வலி உடனே போய்விடும் என்று நான் சொல்லவில்லை. வலிக்கும் உங்களுக்கும் நடுவே சற்று இடம் கிடைக்கும், அந்த இடம் போதும். அதிலிருந்து என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். “அதைச் செய்தது நான்” என்று எழுந்து சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள். விசாரம் செய்கிறவர் அநியாயத்துக்குத் தலைகுனிந்துபோக வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. சொல்லும்போது குரல் நடுங்காமல் இருந்தால் விசாரம் வேலை செய்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்வி தனக்குத் தானே கேட்டுக்கொள்வதற்கு மட்டுமே உரியது. அழுதுகொண்டிருப்பவரிடம் போய் “துக்கம் யாருக்கு என்று விசாரி” என்று உபதேசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கல்நெஞ்சம் இருக்க முடியாது. மற்றவர் துக்கத்துக்கு நம்மிடம் இருக்க வேண்டியது காதும் கைகளும்தான்.

சண்டைகளைத் தவிர, நாளில் இயல்பாகவே சில வாசல்கள் திறக்கின்றன. அவற்றில் மிகச் சிறந்தது காலை விழிப்பு. தூக்கம் கலைந்து, “இன்று என்ன கிழமை” என்ற நினைவு வருவதற்கு முன் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அங்கே விழிப்பு இருக்கிறது, பெயர் இன்னும் வந்து ஒட்டவில்லை. கைபேசியை எடுக்கும் முன் அதில் சற்றே இருக்க முடிந்தால், “நான்” எழுவதையும் அதன் பின்னால் உலகம் எழுவதையும் கையும் களவுமாகப் பிடிக்கலாம். முதல் நாளே பிடிபடாது. இரவு படுக்கும்போது நினைத்துக்கொண்டு தூங்கினால் ஒருநாள் பிடிபடும்.

காத்திருக்கும் நேரம், ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கிடைக்கும் நொடிகள், பாராட்டு வாங்கிய கணம் ஆகியவையும் வாசல்களே. கடைசியாகச் சொன்னது கடினம். அவமானத்தில் “யாருக்கு?” என்று கேட்க எல்லோருக்கும் மனம் வரும், புகழில் வராது. புகழிலும் கேட்டுப் பழகாதவரை இது வலிநிவாரணி மட்டுமே.

ஏழாம் படி: பயம் வந்தால், வறட்சி வந்தால்

பயிற்சி ஆழமாகும்போது சிலருக்குத் தாம் கரைந்துபோய்விடுவோமோ என்ற பயம் குபீரென்று எழும். இதில் வியப்பில்லை, “நான்” என்று கட்டிவைத்தது ஆட்டம் காண்கிறது. பயத்தை மேடையில் ஏற்றாமல் “யாருக்குப் பயம்?” என்று கேட்க முடிந்தால் கேளுங்கள். முடியாத அளவுக்கு வந்தால் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, கைக்கு வேலை கொடுங்கள், யாரோடாவது பேசுங்கள். இதில் வீரம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. பயம் அடுத்தடுத்த நாட்களிலும் விடாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வறட்சி வேறு. கேள்வி உயிரற்றுப் போகும், உட்காரவே பிடிக்காது. அப்படிப்பட்டவர்களுக்கும், இயல்பிலேயே பக்தி மனம் கொண்டவர்களுக்கும் ரமணர் காட்டிய இன்னொரு வழி சரணாகதி. நடப்பதை நடத்துகிற ஒரு பெரிய சக்தியிடம் பாரத்தை விட்டுவிடுவது. “நான் செய்கிறேன்” என்ற முடிச்சை விசாரம் பார்த்து அவிழ்க்கிறது, சரணாகதி ஒப்படைத்து அவிழ்க்கிறது. இரண்டும் போய்ச் சேர்வது ஒரே இடம். ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்ததற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அது பேரம். ஒருவர் இரண்டையும் வைத்துக்கொள்வதில் தடை எதுவும் இல்லை.

சரியாகப் போகிறதா?

காட்சிகளை அளவுகோலாக வைக்காதீர்கள். வந்ததெல்லாம் போகும். கவனிக்க வேண்டியவை சாதாரணமானவை. கோபம் முன்போல வருகிறது, ஆனால் முன்போலத் தங்குகிறதா? உங்கள் தரப்பை எல்லோரிடமும் விளக்கியாக வேண்டும் என்ற அரிப்பு குறைந்திருக்கிறதா? ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது தண்டனையாகத் தெரிகிறதா? இந்த மாற்றங்களை நீங்கள் கவனிக்கும் முன் உடன் வாழ்கிறவர்கள் கவனித்துவிடுவார்கள். அவர்களிடம் போய்க் கேட்காதீர்கள். கேட்கிறவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

“நான் விசாரம் செய்கிறவன்” என்ற புதிய படம் ஒன்று உருவாவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய படங்களைவிட இது கெட்டி. பிறரைச் சற்றே மேலிருந்து பார்க்கத் தொடங்கியிருந்தால் அது வந்துவிட்டது என்று அர்த்தம்.

வழிகாட்ட ஒருவர் வேண்டுமா என்று கேட்டால், முன்னே நடந்தவரின் சொல் உதவும், அவரோடு அமைதியாக அமர்ந்திருப்பது இன்னும் உதவும். ஆனால் நிலை ஒன்று, நிலை இரண்டு என்று பட்டம் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் கட்டணம் வாங்குகிறவரிடம் இதற்காகப் போக வேண்டியதில்லை. ரமணர் முறையாகத் தீட்சை கொடுத்ததும் இல்லை, கேள்வி கேட்க வந்தவரிடம் தகுதிச் சான்று கேட்டதும் இல்லை.

இடையில் விட்டுப்போகும். வாரக்கணக்கில்கூட விட்டுப்போகும். மறுபடி தொடங்குவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டாம். முதல் படியிலிருந்து வரவும் வேண்டாம். “விட்டுவிட்டோமே” என்று ஒரு குற்ற உணர்வு வரும் அல்லவா, அது யாருக்கு என்று கேட்டு அங்கிருந்தே தொடருங்கள்.